கொசுவைத் தின்ற தவளை

கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் தவளையை அறுத்துப் படித்த கடைசித் தலைமுறைகளில் ஒன்றைச் சேர்ந்தவன் நான். குளோரோஃபாம் வாடை, மெழுகுத் தட்டில் மல்லாத்திக் குண்டூசி குத்திய தவளை, ரெக்கார்டு நோட்டில் பென்சில் படம். அன்றைய பாடம் ரத்த ஓட்டம். இதயத்தைத் திறக்கும்போது கசிந்த ரத்தத்தில் ஒரு துளியை யாரும் சொல்லாமலே ஸ்லைடில் எடுத்து, உப்புக் கரைசல் ஒரு சொட்டு விட்டு, கவர்ஸ்லிப் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தவளையின் சிவப்பணு நம்முடையதைப் போல வட்டமாக, நடுவில் குழிந்து இருக்காது. பூசணி விதை போல நீள்வட்டம், நடுவில் உட்கரு. மனிதச் சிவப்பணு 7 அல்லது 8 மைக்ரான் என்றால் இது 20 மைக்ரானைத் தாண்டும். விதைகளைப் பரப்பிக் காயவைத்ததுபோல எல்லா அணுக்களும் சும்மா கிடக்க, ஓர் ஓரத்தில் மட்டும் நாலைந்து அணுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. வெகுநேரம் பார்த்த பிறகுதான் அவற்றை இடித்துத் தள்ளிச் சுழலும் உடல் கண்ணில் பட்டது. அதன் ஒரு விளிம்பில், காற்றில் படபடக்கும் புடவைக் கரை மாதிரி ஒரு சவ்வு. ஆசிரியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "டிரைப்பனோசோம். சிலபஸில் இல்லை, படத்தை முடி" என்றார்.

சிலபஸில் இல்லாத அந்த உயிர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. உலகில் 7,000-க்கும் மேற்பட்ட தவளை, தேரை இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ரத்தம் பார்க்கப்பட்டவை கொஞ்சம். பார்த்த இடத்திலோ பெரும்பாலும் ஏதாவது ஒன்று இருந்தே தீர்கிறது. சவுக்கு வாலுடன் அணுக்களுக்கு இடையே நீந்தும் டிரைப்பனோசோம்கள், அணுவுக்கு உள்ளே வாழைப்பழம் போல வளைந்து படுத்திருக்கும் ஹெப்படோசூன், யானைக்கால் புழுவின் ஒன்றுவிட்ட உறவான நுண்புழுக் குஞ்சுகள். இவை எப்படி உள்ளே போகின்றன, போன பின் தவளைக்கு என்ன செய்கின்றன என்ற இரண்டு கேள்விகளில் முதலாவதற்கு அழகான விடைகள் கிடைத்திருக்கின்றன. இரண்டாவதில், 180 ஆண்டு பார்த்த பிறகும், நாம் இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறோம் என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் உண்டு: நெடுங்காலம் நாம் தவளையைப் பார்க்கவில்லை, தவளை என்ற குப்பிக்குள் இருந்ததை மட்டும் பார்த்தோம்.

டிரைப்பனோசோமா என்ற பெயரே தவளையிடமிருந்து வந்தது. ஹங்கேரியில் பிறந்து பாரிஸில் தொழில் நடத்திய மருத்துவர் டேவிட் குரூபி 1843-இல் தவளை ரத்தத்தில் சுழன்று திரியும் ஓர் உயிரைக் கண்டு பிரெஞ்சு அறிவியல் கழகத்துக்கு எழுதினார். தச்சர் மரத்தில் துளைபோடும் தமரூசிக்குக் கிரேக்கத்தில் டிரைப்பனோன் என்று பெயர். சோமா என்றால் உடல். திருகிக்கொண்டே முன்னேறும் நடையைப் பார்த்து வைத்த பெயர். ஷோப்பனும் கவிஞர் ஹைனேவும் இந்தக் குரூபியிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள். தலையில் வரும் படைக்குக் காரணம் பூஞ்சை என்று காட்டியவர்களில் ஒருவரும் இவரே. அதே 1843-இல் மேயர் என்ற ஜெர்மானியரும் அதே உயிரைக் கண்டு, அமீபா என்று எண்ணி, சுழல்வது என்ற பொருளில் ரொட்டடோரியா என்று அழைத்திருந்தார். இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொண்டு இன்று அது டிரைப்பனோசோமா ரொட்டடோரியம்.

அதன் பிறகு அந்தப் பெயர் தவளையை விட்டுக் கிளம்பி உலகம் சுற்றியது. 1878-இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் எலியின் ரத்தத்தில் இதன் உறவினத்தைக் கண்டார். 1880-இல் தேரா இஸ்மாயில் கானில் கால்நடை மருத்துவர் கிரிஃபித் எவான்ஸ், குதிரைகளைக் கொல்லும் சர்ரா நோய்க்குக் காரணம் இன்னொரு உறவினம் என்று காட்டினார். 1902-இல் காம்பியாவில் மனித ரத்தத்தில். 1903-இல் என்டெபேயில் தூக்க நோயாளிகளின் தண்டுவட நீரில் ஆல்டோ காஸ்டெல்லானி அதைக் கண்டபோது, அறுபது ஆண்டுக்கு முந்தைய தவளைச் சங்கதி ஆப்பிரிக்காவின் பெருந்துயராக முகம் காட்டியது. அதே ஆண்டில் மண்ணீரலில் கண்ட சிறு உருண்டைகளைச் சிதைந்த டிரைப்பனோசோம்கள் என்று லீஷ்மன் ஊகிக்க, சென்னைப் பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனோவன் அவற்றை உயிருள்ள நோயாளிகளிடமே எடுத்துக் காட்டினார். அது காலா அசார் என்ற கருங்காய்ச்சலின் கிருமி. எங்கள் ஆய்வகத்தில் ரத்தப் பூச்சுக்கு ஊற்றிய ஊதா நிறச் சாயமும் அந்த லீஷ்மன் பெயரில்தான் குப்பியில் இருந்தது.

அணுக்களுக்கு நடுவே நீந்துவதை உயிர் என்று ஒப்புக்கொள்வது எளிது. அணுவுக்குள்ளேயே குடியிருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் சண்டை நடந்தது. 1880-இல் யூஸ்டஸ் கௌலே என்ற உடலியலாளர் தவளை ரத்தத்தை உப்புக் கரைசலில் கலந்து இளஞ்சூட்டில் வைத்துப் பார்த்தார். சிவப்பணுவுக்குள்ளிருந்து குட்டிப் புழுக்கள் போன்றவை வெளியே வந்து ஓடின. இவை அணுவின் சொந்தப் பொருளிலிருந்தே பிறப்பவை, அணுவின் குழந்தைகள் என்று அவர் முடிவு கட்டினார். சிரிக்க வேண்டாம். அதே ஆண்டு நவம்பரில் அல்ஜீரியாவில் லாவெரான் மலேரியா நோயாளியின் ரத்தத்தில் உயிரைக் கண்டு சொன்னபோது, அதையும் அணுச்சிதைவு என்று தள்ளியவர்கள் உண்டு. இங்கிலாந்தின் ரே லங்கெஸ்டர் 1871-லேயே தவளை ரத்தத்தில் இந்த உருவங்களைப் பார்த்திருந்தார். 1882-இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே "கௌலேயின் புழுக்கள்" என்று குறிப்பிட்டு, இவை அணுவுக்குப் பிறந்தவை அல்ல, அணுவுக்குள் புகுந்தவை என்றார். அரிவாள் போல் இருந்ததால் டிரெப்பனிடியம் என்று அவர் வைத்த பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்கு இருந்ததால் நிலைக்கவில்லை. 1899-இல் லபே என்ற பிரெஞ்சுக்காரர் லங்கெஸ்டெரெல்லா என்று மாற்றினார். புழு யாருடையது என்று தகராறு செய்தவரின் பெயரே புழுவுக்கு வந்து சேர்ந்தது.

என்டெபேக்குப் பிறகு காஸ்டெல்லானி கொழும்புக்கு வந்தார். அங்கே அருங்காட்சியகத்துக்குத் தலைமை வகித்த ஆர்தர் வில்லியுடன் சேர்ந்து இலங்கையின் பல்லி, பாம்பு, ஆமை, தவளை ரத்தத்தையெல்லாம் பார்த்தார். இருவரும் எழுதியது 1904-இல் அருங்காட்சியகத்தின் சொந்த இதழான ஸ்போலியா செய்லானிக்காவில் வந்தது. இந்தியத் தவளைகளில் ருஷ்யரான பெரெஸ்ட்னெஃப் முந்தைய ஆண்டு விவரித்திருந்த சிவப்பணு ஒட்டுண்ணிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். நம் பக்கத்துத் தவளை ரத்த ஆராய்ச்சிக்கு இவ்வளவு வயதாகிறது. ஆனால் அது ஒரு வரிசையாகத் தொடரவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி: மருத்துவர் ஒரு ஊருக்கு வருவார், கிடைத்த பிராணியின் ரத்தத்தை ஸ்லைடில் பூசுவார், கண்டதற்குப் பெயர் வைப்பார், மாற்றல் உத்தரவு வந்ததும் கப்பலேறுவார்.

அந்தப் பெயர் வைக்கும் பழக்கம் செய்த குழப்பத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு தவளை இனம், ஒரு ஸ்லைடு, ஒரு புதுப் பெயர் என்று ஐம்பது அறுபது ஆண்டுகள் போயின. டிரைப்பனோசோமோ ஒரே தவளைக்குள் ஒல்லியாகவும் இருக்கும், இலைபோல் அகன்றும் இருக்கும், பந்தாகவும் உருண்டுகொள்ளும். உருவத்தை வைத்து இனம் பிரித்தவர்கள் ஒரே ஆளின் மூன்று புகைப்படங்களைக் காட்டி மூன்று ரேஷன் கார்டு வாங்கியது போலத்தான். மறுபக்கம், ரொட்டடோரியம் என்ற ஒற்றைப் பெயருக்குள் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வரை கண்டதையெல்லாம் போட்டுத் திணித்தார்கள். பார்ட்ஸ்லியும் ஹார்ம்சனும் 1973-இல் தவளை டிரைப்பனோசோம்கள் அத்தனையையும் தொகுத்து மதிப்பிட்டபோது இந்தக் குப்பையைத்தான் கிளற வேண்டியிருந்தது. மரபணு வரிசை பார்க்கத் தொடங்கிய பிறகு, பிரேசிலிலும் ஐரோப்பாவிலும் அந்த ஒற்றைப் பெயருக்குள் பல வம்சங்கள் இருப்பது வெளியே வந்தது.

இன்னொரு வகை ஏமாற்றம் சுவையானது. சிவப்பணுவுக்குள் தெரிந்த சில புள்ளிகளும் படிகங்களும் டாட்டியா, பிர்ஹீமோசைட்டன் என்ற பெயர்களில் ஓரணு உயிர்களாகப் பட்டியலில் ஏறின. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பின் பார்த்தால் அவை வைரஸ் செய்த வேலை. கனடாவின் காளைத் தவளைகளில் அந்த வைரஸ் புகுந்த சிவப்பணு தன் நீள்வட்டம் இழந்து உருண்டையாகிவிடுகிறது. வயிற்றில் பாக்டீரியாவை வைத்திருக்கும் அமீபா என்று லபே 1894-இல் விவரித்த சைட்டமீபா இன்னும் வேடிக்கை: அமீபாவே இல்லை, பாக்டீரியா மட்டும்தான், சிவப்பணுவுக்குள் ஒரு குமிழில் கூட்டமாக இருந்திருக்கிறது. ஆக "தவளையின் ரத்த ஒட்டுண்ணிகள்" என்ற பழைய பட்டியலைக் கையில் எடுப்பவர், அதில் பாதி சாட்சிகள் குறுக்கு விசாரணையில் பல்டி அடித்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பெயர்ச் சண்டையை விட்டு, இவை எந்த வழியாகத் தவளைக்குள் போகின்றன என்று ஒரே இடத்தில் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் பார்த்த ஊர் ஒன்று உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்காங்குவின் காட்டுப் பூங்கா. 1893-இல் ஒதுக்கப்பட்டது, சுமார் 7,600 சதுர கிலோமீட்டர். ஏரிகளும் சதுப்பும் பீவர் அணைகளும் நிறைந்த நிலம். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஷெர்வின் டெஸ்ஸரும் அவருடைய மாணவர்களும் அங்கேயுள்ள ஆய்வு நிலையத்திலிருந்து தவளையையும், தவளையைக் கடிப்பதையும், தவளையைத் தின்பதையும் சேர்த்தே பார்த்தார்கள். நான் படித்தவற்றில் இந்தத் துறையின் சிறந்த பகுதி இதுதான். கேள்வியை ஸ்லைடிலிருந்து குளத்துக்கு நகர்த்தியது அந்தக் கூட்டம்.

முதல் வழி அட்டை. தண்ணீரில் இருக்கும் தலைப்பிரட்டையின் வால் தசையிலும், கரையோரம் பாதி முங்கிக் கிடக்கும் பெரிய தவளையின் தொடை இடுக்கிலும் சிறு அட்டைகள் ஒட்டிக்கொள்ளும். அவை ஒரு தவளையிடம் குடித்த ரத்தத்தோடு டிரைப்பனோசோமையும் விழுங்கி, வயிற்றில் பெருகவிட்டு, அடுத்த தவளையில் வாய் வைக்கும்போது இறக்கிவிடும். சிவப்பணுவுக்குள் வாழும் பேபிசியோசோமா ஸ்டாப்லெரி என்ற ஒட்டுண்ணியும் அதே வகை அட்டையில் வளர்வதை ஜான் பார்ட்டாவும் டெஸ்ஸரும் 1989-இல் காட்டினார்கள். மறு ஆண்டு அந்த அட்டைப் பேரினத்துக்கே டெஸ்ஸரோப்டெல்லா என்று பெயர் வந்தது. அங்குள்ள தேரையின் டிரைப்பனோசோம் ஒன்று, அதே பூங்காவில் வாத்துகளின் ரத்த ஒட்டுண்ணியைத் தேடிய மூத்தவர் முர்ரே ஃபாலிஸ் பெயரால் ஃபாலிசி. நம்மூரில் ஆசிரியருக்கு மணிவிழா மலர் போடுவார்கள். ஒட்டுண்ணியியலில் அட்டைக்குப் பெயர் வைக்கிறார்கள்.

அட்டை நீரின் காவல்காரன் என்றால் கரையில் பூச்சிகள். கலிஃபோர்னியாவில் 1968-இல் ஆண்டர்சனும் அயாலாவும், தேரைக்கு டிரைப்பனோசோமைக் கொண்டுசெல்வது மணல் ஈ என்று கண்டார்கள். காலா அசாரைப் பரப்பும் மணல் ஈயின் குடும்பமே. ஆகவே ஒரே தவளை தன் ஆயுளில் இரண்டு கணக்கு வைத்திருக்கிறது: வால் இருந்தவரை தண்ணீரிடம், கால் முளைத்த பிறகு காற்றிடம். டிரைப்பனோசோம்களின் மரபணுக் குடும்ப மரத்தில், அட்டை சுமக்கும் மீன், தவளை வம்சங்கள் ஒரு பெரிய கிளையாகத் தனித்து நிற்பதும், மனிதனையும் மாட்டையும் தாக்குபவை வேறு கிளையில் நிற்பதும் இந்த நீர், நிலப் பிரிவினையோடு பொருந்துகிறது.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த கதை ஹெப்படோசூனுடையது. இந்தப் பேரினத்தில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள், பெரும்பாலும் ஊர்வனவற்றில். அல்காங்குவினின் காளைத் தவளையில் வாழ்வதன் பெயர் கேட்டஸ்பியானே. 1995-இல் டெஸ்ஸரின் குழு அதன் முழு வட்டத்தையும் கட்டி முடித்தது. தவளையின் சிவப்பணுவுக்குள் பால் அணுக்கள் வளைந்து படுத்துக் காத்திருக்கும். கியூலக்ஸ் டெரிட்டன்ஸ் என்ற கொசு தவளையைக் கடித்து அந்த ரத்தத்தைக் குடிக்கிறது. மனிதனைச் சீண்டாமல் பெரும்பாலும் தவளையையே தேடிக் குடிக்கும் கொசு இது. அதன் உடலில், சிறுநீர் வேலை செய்யும் மால்பீஜியன் குழல்களில், ஒட்டுண்ணி ஆணும் பெண்ணுமாகக் கூடிக் கூடுகள் கட்டுகிறது. மலேரியாவாக இருந்தால் இந்த இடத்தில் கிருமி கொசுவின் எச்சில் சுரப்பிக்குப் போய் அடுத்த கடிக்குத் தயாராகும். இது போகாது. உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். எதற்கு? தவளை வந்து கொசுவைத் தின்பதற்கு. நாக்கு நீண்டு கொசு உள்ளே போனதும், குடலில் கூடு உடைந்து, கிருமி குடல் சுவரைத் துளைத்துக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெருகிச் சில வாரங்களில் சிவப்பணுவுக்குத் திரும்புகிறது.

கொசுவைத் தின்பதற்காக நாம் தவளைக்கு நன்றி சொல்லி வந்திருக்கிறோம். 1987-இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது சொல்லப்பட்ட பெரிய நியாயமே, தவளை குறைந்தால் வயலில் பூச்சி பெருகும் என்பதுதான். நியாயம் சரிதான். ஆனால் தவளையின் இந்த ஒட்டுண்ணி, அந்தச் சாப்பாட்டையே வாசலாக வைத்துக்கொண்டிருக்கிறது. தன்னைக் கடித்தவனைத் தின்று பழி தீர்க்கும் வேளையில்தான் தவளைக்கு நோய் ஏறுகிறது.

இதற்கு முன் ஆண்டு, 1994-இல், டாட் ஸ்மித்தும் டெஸ்ஸரும் மார்ட்டினும் இன்னும் ஒரு சுற்று பெரிய வட்டத்தைக் கண்டிருந்தார்கள். ஹெப்படோசூன் சிபெடான் என்பது தண்ணீர்ப் பாம்பின் ஒட்டுண்ணி. பாம்பைக் கடித்த கொசுவில் வளர்கிறது. பாம்பு கொசுவைத் தின்னாது. அதனால் நடுவில் ஒரு தூதர் வேண்டும். கொசுவைச் சிறுத்தைத் தவளை தின்கிறது. கிருமி அதன் கல்லீரலில் கூடு கட்டி அடங்கிவிடுகிறது. பாம்பு தவளையை விழுங்கும்போது வட்டம் மூடுகிறது. கொசுவைத் தவளை தின்ன, தவளையைப் பாம்பு தின்ன, பாம்பைக் கொசு கடிக்க என்று நம் பள்ளிப் புத்தகத்தில் அம்புக்குறி போட்ட உணவுச் சங்கிலி இருக்கிறதே, அதை ஒரு ஒட்டுண்ணி மனப்பாடம் செய்து அதன்மேல் பயணம் செய்கிறது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அது அங்கே இருக்காது. ஒரு குளத்தில் பாம்பும் தவளையும் கொசுவும் இன்னும் பழைய உறவில் இருக்கின்றனவா என்பதற்கு அந்தக் கிருமி இருப்பதே ஒரு சாட்சி.

கொசு தவளையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நாம் மூச்சு விடும் கரியமில வாயுவையும் உடல் சூட்டையும் வைத்துக் கொசு நம்மைத் தேடி வரும். தவளைக்குச் சூடு கிடையாது. தண்ணீர் எப்படியோ அதுவும் அப்படி. ஆனால் தவளை கத்தும். 1970-களின் பின்பாதியில் அமெரிக்காவில் ஸ்டர்ஜிஸ் மக்கீவர், கொரித்ரெல்லா என்ற கொசுவின் உறவான பொடிப்பூச்சிகள் மரத்தவளையின் ரத்தம் குடிப்பதைக் கண்டார். பின்னர் தவளைச் சத்தத்தை டேப்பில் பதிந்து ஒலிபெருக்கியில் போட்டால் பெண் பூச்சிகள் கூட்டமாக வந்து பொறியில் விழுந்தன. தவளையே இல்லை, சத்தம் மட்டும். 1993-இல் அந்தப் பூச்சிகளில் ஓர் இனம் பச்சை மரத்தவளைக்கு டிரைப்பனோசோமை ஏற்றுவது உறுதியானது. கியூலக்ஸ் டெரிட்டன்ஸும் தவளைச் சத்தத்தை நோக்கிப் போகிறது என்று 2008-இல் நியூ ஜெர்சியில் காட்டினார்கள். லெபனான் அம்பரில் உறைந்த கொரித்ரெல்லா குடும்பத்துப் பூச்சிகள் டைனோசர் காலத்தவை. இந்த ஒட்டுக்கேட்டல் எவ்வளவு பழையது பாருங்கள்.

பனாமாவின் துங்காரா தவளை இந்த விஷயத்தில் படும் பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மழை பெய்து தேங்கிய குட்டையில் ஆண் மிதந்தபடி தொண்டைப் பையை ஊதிக் கத்தும். முதலில் ஒரு நீண்ட இழுப்பு. விருப்பப்பட்டால் அதன் வாலில் "சக், சக்" என்று ஒன்றிரண்டு சேர்ப்பு. சேர்ப்பு இருந்தால் பெண்ணுக்குப் பிடிக்கும். அந்தச் சேர்ப்பைக் கேட்டுத் தவளை தின்னும் வௌவாலும் வரும் என்று டட்டிலும் ரயனும் 1981-இல் காட்டினார்கள். 2006-இல் ஜிமெனா பெர்னால், ஸ்டான்லி ராண்ட், ரயன் மூவரும் பொடிப்பூச்சிக்கும் அதே சேர்ப்புதான் பிடிக்கிறது என்றார்கள். பூச்சி தவளையின் முதுகில் இறங்கி, நடந்து மூக்குக்குப் போய், மூக்குத் துளை ஓரத்தில் குத்திக் குடிக்கிறது. கத்துவதை நிறுத்தாமல் தவளை முன்காலால் முகத்தைத் துடைத்துத் துடைத்து விரட்டும். 2016-இல் பெர்னாலும் பின்டோவும் இந்தத் தவளையின் டிரைப்பனோசோமைத் தனி இனமாக விவரித்தபோது, எதிர்பார்த்ததே கிடைத்தது: கத்தும் ஆண்களில் தொற்று மிகுதி. பெண் கத்துவதில்லை. காதலுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பகுதி ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்க்கலாம்.

இனி இரண்டாவது கேள்வி. இவ்வளவும் சுமந்து திரியும் தவளைக்கு என்ன ஆகிறது? பெரும்பாலான கட்டுரைகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன: தொற்றுடைய தவளைகள் ஆரோக்கியமாகவே தென்பட்டன. இந்த வரியை நான் நம்பிப் படிப்பதில்லை. பிடிபட்ட தவளையைத்தான் நாம் பார்க்கிறோம். நோயால் ஒரு நொடி தாமதமாகத் தாவிய தவளை கொக்கின் வயிற்றில் இருக்கும். அது நம் வலைக்கு வராது. காட்டில் தவளைப் பிணம் ஒரு இரவு தாங்காது, எறும்பு தின்றுவிடும். உயிரோடு இருந்தவர்களை மட்டும் விசாரித்துவிட்டு ஊரில் யாரும் சாகவில்லை என்று எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஆனாலும் தீங்கு குறைவாக இருக்கும் என்று நினைக்க உறுதியான காரணமும் உண்டு. மலேரியாக் கிருமி சிவப்பணுவுக்குள்ளேயே பெருகி அதை வெடித்து வெளியேறும்; அதனால்தான் ரத்தசோகை. ஹெப்படோசூனின் பெருக்கம் கல்லீரலில் முடிந்துவிடுகிறது. சிவப்பணுவில் அது பெருகுவதில்லை, கொசுவுக்காகக் காத்துக் கிடக்கிறது. டிரைப்பனோசோமும் முதிர்ந்த தவளையின் ரத்தத்தில் பிளவுபடுவது அரிதாகவே காணப்படுகிறது. வீட்டைப் பிடித்துக்கொண்ட குடித்தனக்காரர்தான். சுவரை இடிப்பவர் இல்லை. இருந்தாலும் எல்லாக் குடித்தனக்காரரும் ஒன்றல்ல. அல்காங்குவினிலேயே இரண்டு ஹெப்படோசூன்களைப் பிரித்தறிய உதவிய அடையாளம் என்ன தெரியுமா? கிளமேட்டே என்ற ஒன்று, தான் இருக்கும் சிவப்பணுவின் உட்கருவைத் துண்டு துண்டாக்கிவிடும். கேட்டஸ்பியானே உட்கருவைத் தொடாது. உட்கரு சிதைந்த அணு எத்தனை நாள் ஓடும், ரத்தத்தில் அப்படி எத்தனை அணு இருந்தால் தவளையின் தாவல் குறையும் என்று ஓட்டப் பந்தயம் வைத்துப் பார்த்திருந்தால் நமக்கு விடை இருக்கும்.

பல்லிக்கு அதைச் செய்தார்கள். கலிஃபோர்னியாவின் ஹோப்லாண்டில் ஜோசப் ஷால் 1970-களின் கடைசியில் தொடங்கி வேலிப் பல்லியின் மலேரியாவைப் பல ஆண்டு தொடர்ந்தார். நோயுள்ள பல்லிக்கு ஹீமோகுளோபின் குறைவு, ஓடும் தெம்பு குறைவு, பெண்ணுக்கு முட்டை குறைவு. அவையும் கையில் எடுத்துப் பார்த்தால் ஆரோக்கியமாகத்தான் "தென்பட்டன". தவளைத் துறையில் இந்த மாதிரி நீண்ட, பிடிவாதமான வேலை ஏன் நடக்கவில்லை என்பது எனக்கு ஒரு மனக்குறை. தவளைகளைக் காப்பாற்றும் பணமும் கவனமும் 1999-இல் விவரிக்கப்பட்ட தோல் பூஞ்சை மேல் போனது. இனங்களையே துடைத்தெறிந்த கொள்ளைநோய் அது, போகத்தான் வேண்டும். ஆனால் பூஞ்சை தோலில் ஏறும் தவளையின் ரத்தத்தில் ஏற்கெனவே யார் இருக்கிறார்கள் என்று சேர்த்துப் பார்ப்பதற்குத் தனிச் செலவு அதிகமில்லை, ஒரு துளி போதும்.

பல்லி என்றதும் இன்னொரு புதிர். பல்லிகளுக்கு 90-க்கும் மேற்பட்ட மலேரியா இனங்கள் உண்டு. பறவைகளுக்கு உண்டு, பாலூட்டிகளுக்கு உண்டு. தவளைக்கு மட்டும் இல்லை. 1940-களில் தேரையிலும் காளைத் தவளையிலும் மலேரியா என்று சொல்லப்பட்டது நிலைக்கவில்லை. சிவப்பணு இருக்கிறது, கல்லீரல் இருக்கிறது, கடிக்கக் கொசுவும் இருக்கிறது. ஏன் நுழையவில்லை? எல்லோரும் தாண்டிச் செல்லும் கேள்வி இது. உண்டா இல்லையா என்று பட்டியல் போடுபவர்கள், இல்லாததை ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வது குறைவு.

அளவிடும் முறையிலும் கண்ணி இருக்கிறது. லூசியானாவின் பச்சைத் தவளைகளில் 1968-இல் சவுத்வொர்த், மேசன், சீட் மூவரும் ஒரே தவளையின் ரத்தத்தை நாள் முழுவதும் எடுத்துப் பார்த்தார்கள். டிரைப்பனோசோம் எண்ணிக்கை 24 மணி நேரச் சுற்றில் ஏறி இறங்கியது. மறைந்த நேரத்தில் அவை உள்ளுறுப்புகளின், முக்கியமாகச் சிறுநீரகத்தின், நுண்குழல்களில் ஒதுங்கியிருக்கும். யானைக்கால் புழுக் குஞ்சுகளைப் பிடிக்க நம் ஊர் சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வந்து விரல் குத்துவார்களே, காரணம் அதே வகைதான். காலையில் குத்திய ஸ்லைடையும் இரவில் குத்திய ஸ்லைடையும் ஒப்பிட்டு, இந்தக் காட்டில் தொற்று கூட, அந்தக் காட்டில் குறைவு என்று எழுதியவை எத்தனையோ. பிசிஆர் வந்தது பெரிய உதவி. ஆனால் அது கிருமியின் டிஎன்ஏ இருக்கிறது என்று மட்டும் சொல்லும். உயிரோடு பெருகுகிறதா, முட்டுச்சந்தில் வந்து மாட்டிக்கொண்டதா என்று சொல்லாது. அதற்குப் பழைய லீஷ்மன் சாயமும் பொறுமையும் இன்னும் தேவை.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இன்றைய நல்ல உதாரணம் தென்னாப்பிரிக்கா. எட்வர்ட் நெதர்லாண்ட்ஸ், கோர்ட்னி குக், நிக்கோ ஸ்மிட் ஆகியோர் 2014-இல் தேரைகளில் கண்ட புது ஹெப்படோசூனுக்கு, ஜூலு மொழியில் தவளைக்கு வழங்கும் சொல்லையே வைத்து இக்ஸோக்ஸோ என்று பெயரிட்டார்கள். 2020-இல் விவரித்த, டாக்டிலோசோமா என்ற சிவப்பணு ஒட்டுண்ணிக்குப் பொம்மைத் தவளை கெர்மிட்டின் பெயர். விளையாட்டுப் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அந்தக் கட்டுரையில் ஸ்லைடும் மரபணுவும் மட்டும் இல்லை. யுரனோட்டீனியா என்ற தவளை கடிக்கும் கொசுக்களைப் பிடித்து அறுத்து அவற்றுக்குள்ளும் தேடியிருக்கிறார்கள். அட்டையோடு மட்டும் சேர்த்து எண்ணிவந்த ஒரு குடும்பத்துக்குக் கொசுவும் வண்டியாகலாம் என்ற சந்தேகம் அங்கிருந்து வந்தது.

நம் பக்கம் 2003-இல் ஊதாத் தவளை விவரிக்கப்பட்டதற்குப் பிறகு மேற்குத் தொடர்ச்சி மலையில் புதுத் தவளைகளின் பெயர்கள் மழைபோல் கொட்டின. சத்தம் பதிகிறார்கள், டிஎன்ஏ எடுக்கிறார்கள். அந்த டிஎன்ஏவுக்கு எடுக்கும் கால் விரல் நுனியிலிருந்து வரும் ரத்தத்தில் ஒரு பூச்சும் போட்டால், இன்னும் பதினைந்து நிமிட வேலை. காஸ்டெல்லானி செய்த மாதிரி பூச்சு மட்டும் எடுத்து நிறுத்தக் கூடாது. பிடித்த மணி, ஆணா பெண்ணா, கத்திக்கொண்டிருந்ததா, அருகில் பூச்சி மொய்த்ததா என்று நோட்டில் எழுத வேண்டும். அதே குட்டையில் நாலு தலைப்பிரட்டையை அள்ளிப் பார்க்க வேண்டும். தவளையின் தொடையில் அட்டை இருந்தால், நாம் வழக்கமாகச் செய்வதுபோல் பிடுங்கித் தூர எறிந்துவிடாமல், தவளைக்குப் போட்ட அதே எண்ணை ஒட்டி இன்னொரு குப்பியில் போட்டுக்கொள்ள வேண்டும்.